ஊவாத் தோட்டங்களின் தாத்தாமார்

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் வயது முதிர்ந்தவர்களிடம் பிறந்த ஆண்டைக் கேட்டால் தேதி வராது, ஒரு நிகழ்ச்சி வரும். “பெரிய வெள்ளம் வந்த வருசம்” என்பார் ஒருவர். “பதுளைக்குக் கோச்சி வந்த வருசம்” என்பார் அவருக்கும் மூத்தவர். என் தாத்தா கோச்சி வந்த வருசத்துக்காரர். 1894இல் பண்டாரவளையோடு நின்றுவிட்ட ரயில் பாதை, தெமோதரைச் சுற்றையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் தாண்டிப் பதுளையை எட்டியது 1924இல். அதைக் கொண்டு கணக்கிட்டால் அவர் எண்பத்தேழு வயதுவரை இருந்தார்.

இக்கட்டுரை அவர் ஒருவரைப் பற்றியதன்று. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலிஎல, அப்புத்தளை லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், 1920களில் பிறந்து, ஆயுளில் பெரும்பகுதியைத் தேயிலைக்குக் கொடுத்த ஆண்களைப் பற்றியது. தேயிலை என்றதும் அச்சாகும் படங்களில் கூடை சுமந்த பெண்ணே இருக்கிறாள். அது நியாயம்தான், இந்த நாட்டின் அந்நியச் செலாவணியை அவள் விரல்கள் கிள்ளிச் சேர்த்தன. ஆனால் அவள் ஏறி நிற்கும் சரிவைச் சரியாமல் காத்தவர் எந்தப் படத்திலும் இல்லை. அவருடைய வேலை மண்ணுக்குள்ளும் செடியின் அடியிலும் மறைந்து கிடக்கிறது. எழுதப்படாமல் போனதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அவர்களின் தந்தையரும் பாட்டன்மாரும் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னால் வந்தவர்கள். முதலில் வந்தது கோப்பிக்காக. அந்தக் கோப்பியை அழித்த இலைத் துருநோய் 1869இல் இலங்கையில் முதன்முதலாகக் கண்ணில் பட்டதும் நம் மடுல்சீமையில்தான். பிறகு தேயிலை. கடனில் ஆளைக் கட்டிப்போட்ட ‘துண்டு’ முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. 1939 ஓகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்கு ஆள் அனுப்புவதையே தடைசெய்தது. இங்கேயே பிறந்த கோச்சி வந்த வருசத்துக் குழந்தைகள், கடலேறுமுன் ஆட்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமையும் கடலையும் கதையில் மட்டுமே அறிந்தவர்கள். அவர்கள் கண்விழித்துப் பார்த்த மலை நமுனுகுலை.

அந்த மலைநிலத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. 1817–18இல் எழுந்த ஊவாக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் முடிக்குரியதாக்கிற்று. அவை தோட்டத் துரைமாருக்கு விலையாயின. சிங்களக் கிராமத்தவரின் நிலம் தமிழ்த் தொழிலாளியால் பறிபோகவில்லை. ஒருவரிடம் நிலத்தை எடுத்தவர்களே மற்றவரைக் கூலியாகக் கொண்டுவந்து அதில் நிறுத்தினார்கள். ஊவாவில் பிறந்த எவரும் இதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வயதில் ‘அரைப்பேர்’, அதாவது அரைநாள் கூலிப் பதிவு, விழும். விடியுமுன் தப்புச் சத்தம். குளிரில் கம்பளிக்குள் ஒடுங்கியபடி பெரட்டுக்களம். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார். புல்லு வெட்டு, முள்ளுக்குத்து, மருந்தடிப்பு, கான் வெட்டு, கவ்வாத்து என்று ஆண்களின் வேலை வருடம் முழுதும் மாறிக்கொண்டே இருக்கும். இவற்றில் கான் வெட்டையும் கவ்வாத்தையும் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அவை வெறும் உடல்பலம் கொண்டு செய்யும் வேலைகள் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள்.

ஊவாவின் சரிவுகள் செங்குத்தானவை. ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது மேல்மண் ஆற்றோடு போய்விடும். அதைத் தடுக்கச் சரிவுக்குக் குறுக்கே மிகச் சிறிய சாய்வில் கான் வெட்டுவார்கள். கானுக்குள் இடையிடையே மண்தடுப்பு விட்டு, நீர் தேங்கி ஊறவும், மிஞ்சியது மட்டும் வழிந்து அடுத்த பகுதிக்குப் போகவும் வகைசெய்வார்கள். சாய்வு சற்றுக் கூடினால் கானே மண்ணை அரித்துவிடும். குறைந்தால் நிறைந்து கரையை உடைக்கும். கல் கிடைக்கும் மலைகளில் கரைக்குக் கல் அடுக்குவார்கள், சுண்ணாம்போ சீமெந்தோ இல்லாமல். துரை மட்டம் பார்த்துக் குச்சி நட்டுவிட்டுப் போவார். முதல் பெருமழைக்குப் பிறகு எங்கே உடைக்கும், எங்கே தாங்கும் என்பதைச் சொன்னவர்கள் மண்வெட்டி பிடித்தவர்கள். “தண்ணிய நிறுத்தவும் கூடாது, ஓட விடவும் கூடாது, நடக்க விடணும்” என்பார் தாத்தா. மண்காப்பு பற்றிப் பின்னாளில் நான் படித்த எந்த நூலும் அதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

கவ்வாத்து இன்னும் நுட்பமானது. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை செடியை இடுப்பளவிலோ முழங்காலளவிலோ வெட்டிப் புதுக்கிளைக்கு வழிவிட வேண்டும். வெட்டு ஒரே வீச்சில், சாய்வாக விழ வேண்டும். பட்டை கிழிந்தால் அந்த வழியே கட்டை அழுகத் தொடங்கும். வேரில் மாச்சத்து சேர்ந்திராத வேளையில் வெட்டினால் செடி துளிர்க்காமலே காய்ந்துபோகும். வேரை நறுக்கி அயடின் தடவி நிறத்தைப் பார்ப்பது தேயிலை ஆராய்ச்சி நிலையத்தாரின் முறை. கவ்வாத்துக்காரர் இலையின் முதிர்வையும் பட்டையின் நிறத்தையும் பார்த்து, “இந்த மலை இன்னும் ஆறல” என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பர் மலைக்கு நடப்பார். 1925இல் நிறுவப்பட்ட அந்த ஆராய்ச்சி நிலையத்தின் சாதனைகளுக்கு நூல்கள் உண்டு. அவற்றை ஏக்கர் ஏக்கராக நடைமுறைக்குக் கொண்டுவந்த இவர்களுக்கு ஒரு பக்கமும் இல்லை. 1950களின் இறுதியில் மீள்நடுகை மானியம் வந்தபோது, பழைய விதைத் தேயிலையைத் தூரோடு பெயர்த்து, மண் ஆற ஓரிரு ஆண்டு குவாத்தமாலாப் புல் வளர்த்து, பிறகு வெட்டுத்தண்டிலிருந்து வளர்த்த வீ.பி. தேயிலை நட்டவர்களும் இதே மனிதர்கள்தான்.

ஜூலை முதல் செப்டெம்பர்வரை வீசும் கச்சானையும் சொல்ல வேண்டும். தென்மேல் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையை இறக்கிவிட்டு, வறண்டு, ஊவாவுக்குள் இறங்குகிறது. அந்த வறட்சியில் செடி திணறுவதால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் தேடும் மணம் கிடைக்கிறது. கொழும்பு ஏலத்தில் உச்ச விலை கிடைக்கும் மாதங்கள் அவை. ஆனால் கொழுந்து குறைந்தால் பேரும் குறையும். விலை ஏறிய அதே வாரங்களில் லயத்தில் அடுப்பு அடங்கி எரிந்தது.

இவர்கள் வாய்மூடிக் கிடந்தவர்கள் என்ற கருத்தை மாற்ற 1940ஆம் ஆண்டு ஒன்றே போதும். அந்த ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் தொழிலாளி கோவிந்தன் மாண்டார். வேலைநிறுத்த அலை மே மாதம் ஊவாவில் உச்சம் தொட்டது. பதுளைக்கு அருகேயுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தாமே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தனர். அதைக் கலந்தே காரியம் செய்வதாகத் துரை ஒப்புக்கொண்டார். அடக்க வந்த பொலிஸாரிடமிருந்து ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. மே 12ஆம் திகதி பதுளை நகரில் சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேரா பெருங்கூட்டத்தில் பேசினார். பின்னர் வெள்ளம் பாதைகளை அறுத்து ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் துண்டித்தது. அதைச் சாதகமாக்கிக்கொண்டு போராட்டம் நசுக்கப்பட்டது. தாத்தாவுக்கு அப்போது பதினாறு வயது. தோற்ற போராட்டம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. “தொரை எங்களோட ஒக்காந்து பேசின வருசம்” என்றே சொல்வார். வரலாற்றாசிரியர்களின் தீர்ப்பைவிட இது சரியானது என்பேன். ஒரு முறை சமமாக உட்கார்ந்தவர்களை மறுபடி பழைய இடத்தில் நிறுத்த எந்த நிர்வாகத்தாலும் முழுதாக முடியவில்லை.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்ற ஏழு இடங்களில் ஒன்று பதுளை, எஸ்.எம். சுப்பையா நாடாளுமன்றம் சென்றார். தாத்தாவின் முதல் வாக்கு அது. அடுத்த வாக்கை அவர் போட நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வாக்கும் பறிபோனது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு.

இவ்விடத்தில் கனடாவின் புல்வெளி மாநிலங்கள் நினைவுக்கு வருகின்றன. அங்கும் கடினமாக உழைத்து முதிர்ந்த தாத்தாமாரைப் பேரப்பிள்ளைகள் போற்றி எழுதுகிறார்கள். 1872ஆம் ஆண்டுக் காணிச் சட்டப்படி குடியேறியவர் பத்து டொலர் கட்டி, மூன்று ஆண்டு வாழ்ந்து, வீடு கட்டி, நிலத்தைத் திருத்திக் காட்டினால் 160 ஏக்கர் அவருக்குச் சொந்தம். அந்நிலமும் அங்குள்ள பழங்குடிகளிடமிருந்து எடுக்கப்பட்டதே. அந்த அநீதி தனி வரலாறு. ஆனாலும் உழைத்தவரின் வதிவுக்கு அங்கே ஓர் உறுதிப் பத்திரம் கிடைத்தது. ஊவாத் தாத்தாவும் வதிவை நிரூபித்தார், நிலத்தையும் திருத்தினார். பிற்காலத்தில் அவர் சந்ததிக்கு வீட்டுக்காகப் பேசப்பட்ட அளவு ஏழு பேர்ச். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச் என்பதை வாசகர் அறிவர்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு. பத்து ஆண்டு கழித்து அந்த எச்சத்தையும் பாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் எழுதிக்கொடுத்தார்கள். போனவர்களை ஏற்றிய ரயிலை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அது தலைமன்னார் சென்றதும் கப்பல், இராமேஸ்வரம். கூடலூர் உட்பட நீலகிரியில் இன்று அவர்களின் பேரர்கள் அதே தேயிலையில் வேலை செய்கிறார்கள்.

தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. அதற்குச் சற்று முன் 1973–74இல் பசி லயங்களில் உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1983 ஜூலையில் பதுளை நகரமும் எரிந்தது. 1984இல் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம கூலி வந்தது. 1988இல் நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டம் வந்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போயிற்று. ஒரே ஆயுளில் இத்தனை எசமானர்கள் மாறினார்கள். அவர் வெட்டிய கான் மட்டும் அதே மட்டத்தில் ஓடியது.

அறுபது வயதில் பேர் நின்றது. சேமலாப நிதியில் கொஞ்சம் பணம் வந்தது. ஒரு பசுவும் லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தியும் மிச்ச வருடங்களைத் தாங்கின. குடியிருந்த லயக் காம்பரா அவருடையதன்று. குடும்பத்தில் ஒருவராவது செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பேர்ப்பதிவில், இருக்கும்வரைதான் அங்கே இருக்கலாம். எனவே வாழ்நாள் முழுதும் உழைத்தவரின் கூரை, பேத்தியின் கொழுந்துக் கூடையில் தொங்கியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. போவதற்கு நிலம்தான் இருக்கவில்லை. உறுதியில்லாத வாழ்வின் விலையை இதைவிடக் கொடூரமாக எதுவும் காட்டியதில்லை.

ஊவாக்கட்டவளையில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப் இந்த வாழ்வைக் கதையாக்கினார், சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தார். ஆனால் எந்த மலையை யார் திருத்தினார், எந்தக் கல்வரிசையை யார் அடுக்கினார் என்ற கணக்கு இன்னும் எழுதப்படவில்லை. பழைய செக்ரோல் புத்தகங்கள் அலுவலகப் பரண்களில் கறையானுக்கு இரையாகின்றன.

இம்மலரைப் படிக்கும் இளைஞர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். 1930களிலும் 40களிலும் பிறந்தவர்கள் சிலர் உங்கள் லயத்தில் இன்னும் இருக்கிறார்கள். எந்த நம்பர் மலையில் முதல் பேர் விழுந்தது, கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்கக் கற்றுத் தந்தவர் யார், 1964க்குப் பின் எந்தத் தாளில் கைநாட்டு வைத்தார், யாரைக் கோச்சியேற்றி அனுப்பினார் என்று கேளுங்கள். நடக்க முடிந்தவரை மலைக்கே அழைத்துப்போய் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி, அவரிடம் வாசித்துக் காட்டித் திருத்தி, ஒரு பிரதியைத் தோட்டப் பாடசாலை நூலகத்தில் வையுங்கள். அடுத்த விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டாம்.