உடைமை அடையாளமும் காவலும்: தாம்பரம் புறநகரில் மிதிவண்டித் திருட்டுத் தடுப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தாம்பரம் உள்ளிட்ட சென்னையின் தென்புறநகரில் மிதிவண்டித் திருட்டைத் தடுக்கும் காவல் முயற்சிகள் இரண்டைச் சார்ந்து அமைந்துள்ளன. ஒன்று, வண்டிக்கு உரியவரை அடையாளம் காணும் வழி. மற்றொன்று, அவ்வண்டிக்குச் சட்டம் வழங்கும் மதிப்பு. இவ்விரண்டும் மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தாம்பரம், மிதிவண்டி, காவல்துறை, திருட்டு, பாரதிய நியாய சன்ஹிதா.

முன்னுரை

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. அதன் வழியில் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த தோல் தொழிற்சாலையும், 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் அமைந்த ஏற்றுமதிச் செயலாக்க மண்டலமும் பெருந்தொகையான தொழிலாளரை ஈர்த்தன. வீட்டிலிருந்து நிலையம் வரை மிதிவண்டி, அதன்பின் இரயில் என்பது புறநகர்ப் பயணத்தின் இயல்பாயிற்று. உரியவர் பணியிலிருக்கும் பகற்பொழுது முழுவதும் வண்டி அவர் பார்வைக்கு அப்பால் நிற்கும். திருட்டுக்கான வாய்ப்பு இப்பயண முறையிலேயே அடங்கியிருந்தது.

வில்லையும் சட்டக எண்ணும்

சென்னை மாகாணத்து நகராட்சிகள் மிதிவண்டிக்கு வரி விதித்து, அதற்குச் சான்றாக உலோக வில்லை வழங்கின. வில்லையின் நோக்கம் வருவாயே, குற்றத் தடுப்பன்று. எனினும், வண்டியையும் அதற்கு உரியவரையும் இணைக்கும் அலுவல்முறைச் சான்றாகவும் அது பயன்படத்தக்கதாக இருந்தது. அவ்வரி வழக்கொழிந்தபோது இந்த இணைப்பும் அறுந்தது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பதிவெண்ணை மோட்டார் வாகனங்களுக்கே கட்டாயமாக்கியது. மிதிவண்டிக்கு எஞ்சியது, பிரேம் நம்பர் எனப்படும் சட்டக எண் மட்டுமே. கடை ரசீதைப் பேணாதவருக்கு அதுவும் பயன்படுவதில்லை. இதற்கு மாறாக, ஜப்பான் 1994 முதல் மிதிவண்டிகளுக்குக் குற்றத் தடுப்புப் பதிவைக் கட்டாயமாக்கியது.

மாறும் எல்லைகளும் கண்காணிப்பும்

தென்புறநகரின் காவல் எல்லை அடுத்தடுத்து மாறியது. 2008-இல் சென்னைப் புறநகர்க் காவல் ஆணையரகம் உருவாயிற்று. 2011-இல் அது சென்னை மாநகரக் காவலுடன் இணைக்கப்பட்டது. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரம் தனி ஆணையரகமாயிற்று. இரயில் நிலைய வளாகமோ இரயில்வே காவல்துறையின் பொறுப்பில் உள்ளது. ஆகவே, வண்டி வளாகத்துக்குள் நின்றதா, வெளியே சாலையோரம் நின்றதா என்பதைப் பொறுத்துப் புகார் செல்லும் காவல் நிலையமும் மாறும்.

2017-க்குப் பின் சென்னைக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்னும் பெயரில் தெருக்களில் கண்காணிப்புக் கேமராக்களைப் பரவலாக்கியது. கேமரா திருடியவரைக் காட்டக்கூடும். மீட்கப்பட்ட வண்டி யாருடையது என்பதை அதனால் கூற இயலாது. கைப்பற்றிய வாகனங்களை நெடுங்காலம் காவல் நிலையத்தில் தேக்கிவைக்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் கூறியது. ஆயினும், வண்டியைத் திரும்பப் பெற உரிமைச் சான்று தேவை. மிதிவண்டி உரிமையாளரிடம் பெரும்பாலும் இல்லாதது அச்சான்றே.

ஐயாயிரம் ரூபாய் என்னும் வரம்பு

இந்திய தண்டனைச் சட்டத்தின் 379-ஆம் பிரிவு, திருடப்பட்ட பொருளின் விலையைப் பொருட்படுத்தாமல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. அக்குற்றத்தைக் காவல்துறை தானாகவே விசாரிக்கலாம். இத்தகைய குற்றங்களில் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிதிவண்டியைப் பறிகொடுத்தவருக்கும் இத்தீர்ப்பு பொருந்தியது.

2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்கள் இந்நிலையை மாற்றின. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவின்படி, ரூ.5,000-க்குக் குறைந்த பொருளைத் திருடி முதன்முறை தண்டிக்கப்படுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பியளித்தால், சமூக சேவையே தண்டனையாகும். இவ்வரம்புக்குட்பட்ட திருட்டை, நீதித்துறை நடுவரின் ஆணையின்றிக் காவல்துறை விசாரிக்க இயலாது. குடியிருப்புக் கட்டடத்துள் நிகழும் திருட்டுக்கு உரிய 305-ஆம் பிரிவில் இவ்விலை வரம்பு இல்லை. எனவே, வீட்டினுள் இருந்த வண்டிக்கும் நிலையத்து வாயிலில் நின்ற அதே வண்டிக்கும் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு வேறுபடுகிறது.

சிறு குற்றத்துக்காக முதன்முறை தவறியவரைச் சிறைக்கு அனுப்பாமை வரவேற்கத்தக்கதே. ஆனால், தண்டனையைக் குறைப்பதும் விசாரணையைத் தடைப்படுத்துவதும் வெவ்வேறானவை. தமிழக அரசு 2022-இல் ஏறத்தாழ 6.35 இலட்சம் மாணவர்களுக்குச் சுமார் ரூ.323 கோடியில் விலையில்லா மிதிவண்டி வழங்கியது. அதாவது, ஒரு வண்டியின் சராசரி விலை ஐயாயிரத்தைச் சற்றே கடந்தது. புதிதாக இருக்கையில் வரம்பைத் தாண்டிய வண்டி, ஓராண்டுப் பயன்பாட்டிலேயே வரம்புக்குள் வந்துவிடும். ஒரே தோற்றமுடைய இவ்வண்டிகளைப் பிரித்தறிய உதவுவதும் சட்டக எண் ஒன்றே.

முடிவுரை

வில்லை மறைந்தபோது மிதிவண்டி தன் அடையாளத்தை இழந்தது. விலை வரம்பு வந்தபோது காவல்துறையின் நேரடி விசாரணையையும் பெரும்பாலும் இழந்தது. சட்டம் சந்தை விலையைக் கணக்கிடுகிறது. தொழிலாளி இழப்பதோ நாள்தோறும் பணிக்குச் செல்லும் வழியை. மாணவி இழப்பது பள்ளிக்குச் செல்லும் வழியை. விசாரணை அதிகாரம் சுருங்கிய நிலையில், திருட்டு நிகழும் முன்னரே உடைமையைப் பதிவு செய்வது காவல்துறைக்கு எஞ்சியுள்ள வலுவான தடுப்பு வழியாகும். விற்பனையின்போதும் பள்ளியில் வழங்கும்போதும் சட்டக எண்ணை உரியவர் பெயருடன் பதிவது, அன்றைய வில்லை வருவாய்க்காகச் செய்த பணியைப் பாதுகாப்புக்காக மீண்டும் செய்வதாகும்.