கறுப்பு உறையும் வெண்கல மணியும்

தலைவனை இழந்தோர் செயலற்று நின்று பாடும் துறைக்குக் 'கையறுநிலை' என்று பெயரிட்டது நம் இலக்கண மரபு. அப்பெயரை மனத்திலிருத்திக்கொண்டு, ராக் இசையின் வரலாற்றில் பெரும்புகழ் பெற்ற ஓர் இரங்கலை இங்கே அணுக விழைகிறோம். ஆஸ்திரேலியாவின் ஏசி/டிசி இசைக்குழு 1980ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட 'பேக் இன் பிளாக்' என்னும் இசைத்தட்டே அது.

ஸ்காட்லாந்திலிருந்து சிட்னிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் பிள்ளைகளான மால்கம் யங், ஆங்கஸ் யங் என்னும் உடன்பிறந்தார் இருவரும் 1973இல் தொடங்கிய குழு இது. 1979இல் வந்த 'ஹைவே டு ஹெல்' அவர்களை அமெரிக்காவிலும் அறியச் செய்தது. புகழின் வாயில் திறந்த அவ்வேளையில், 1980 பிப்ரவரி 19 அன்று, பாடகர் பான் ஸ்காட் லண்டனில் இறந்தார். அளவிறந்த மதுவே காரணம் என விசாரணை முடிவாயிற்று. அப்போது அவருக்கு வயது 33.

ஒரு குழுவுக்குக் குரல் போய்விட்டால் எஞ்சுவது என்ன? கலைந்துவிடவும் எண்ணினர். ஆனால் ஸ்காட்டின் பெற்றோரே தொடருமாறு கூறினர் என்பது குழுவினர் பலமுறை நினைவுகூர்ந்த செய்தி. இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியைச் சேர்ந்த பிரையன் ஜான்சனைப் புதிய பாடகராக ஏற்றனர். 'ஜோர்டி' என்னும் குழுவில் பாடியவர் அவர். அவருடைய பாட்டை ஸ்காட்டே ஒருகாலத்தில் வியந்து பேசியிருந்தார்.

பஹாமாஸ் தீவுகளின் நசாவ் நகரில் ஏப்ரல், மே மாதங்களில் ஒலிப்பதிவு நடந்தது. தயாரிப்பாளர் மட் லாங்கே. தலைப்புப் பாடலை எழுத அமர்ந்த ஜான்சனிடம் குழுவினர் வைத்த வேண்டுகோள் ஒன்றே: பாட்டு ஸ்காட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும், ஆனால் அழுகையாக அமைந்துவிடக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையில்தான் இசைத்தட்டின் பண்பு முழுவதும் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

துக்கம் சொல்லில் இல்லையென்றால் வேறெங்கே இருக்கிறது? முதலில், உறையில். முற்றிலும் கறுப்பான அட்டை. இறந்தவருக்கான துக்கக் குறி. இசை நிறுவனம் தயங்கியபின், குழுவின் பெயரெழுத்துகளுக்குச் சாம்பல்நிற விளிம்பு மட்டும் இடப்பட்டது. அடுத்து, முதல் ஒலியில். 'ஹெல்ஸ் பெல்ஸ்' பாடல் மணியோசையுடன் தொடங்குகிறது. அதற்கென இங்கிலாந்தின் லஃப்பரோ நகரிலுள்ள ஜான் டெய்லர் வார்ப்படச் சாலையில் ஏறத்தாழ ஒரு டன் எடையில் மணி வார்க்கப்பட்டது. முன்னதாக அந்நகரின் மணிக்கூண்டில் ஒலிப்பதிவு செய்ய முயன்றபோது, ஒவ்வோர் அடிக்கும் பறவைகள் சிறகடித்து எழுந்து ஓசையைக் குலைத்தனவாம். பின்னர் வார்ப்படச் சாலையிலேயே புதுமணியை ஒலிக்கச் செய்து பதிந்தனர். மணி அடங்கிய பிறகு மீதமிருப்பது கிதாரும் முரசும் ஜான்சனின் கூர்த்த குரலுமே.

தனித்தட்டாக வெளிவந்த பாடல்கள் பெற்ற இடங்கள் வியப்புக்குரியவை. 'யூ ஷுக் மீ ஆல் நைட் லாங்' அமெரிக்கப் பட்டியலில் 35ஆம் இடத்தையும், 'பேக் இன் பிளாக்' 37ஆம் இடத்தையுமே எட்டின. 'ராக் அண்ட் ரோல் ஏன்ட் நாய்ஸ் பொல்யூஷன்' பிரிட்டனில் 15ஆம் இடம் வரை சென்றது. முழு இசைத்தட்டோ பிரிட்டனில் முதலிடத்தையும் அமெரிக்காவில் 4ஆம் இடத்தையும் பெற்றது. 2019க்குள் அமெரிக்காவில் மட்டும் 2 கோடியே 50 லட்சம் படிகளுக்குச் சான்றளிக்கப்பட்டது. வாரப் பட்டியல்கள் அளந்த உயரம் ஒன்று. பாடல்கள் வாழ்ந்த காலம் மற்றொன்று.

குறையின்றிப் போற்றுவதும் முறையன்று. காமக் களிப்பை முரட்டுத்தனமாகப் பாடும் பாடல்கள் இதில் பல. மதுவால் இறந்தவருக்கான இசைத்தட்டில் 'ஹேவ் எ ட்ரிங்க் ஆன் மீ' என்னும் குடிப்பாட்டும் உண்டு. அதை மறதி என்பதா, இறந்தவரின் இயல்பை மறைக்காத நேர்மை என்பதா? நாம் பின்னதன் பக்கமே சாய்கிறோம். எனினும் உறுத்தல் நீங்கவில்லை.

கையறுநிலையில் முதலில் ஓய்வது கை. இங்கே மால்கமின் கை ஓயவில்லை. ஸ்காட் இறந்து ஐந்தே மாதங்களில் இசைத்தட்டு கடைகளுக்கு வந்துவிட்டது. 2017 நவம்பர் 18 அன்று மால்கமும் மறைந்தார். 2020இல் ஏசி/டிசி வெளியிட்ட 'பவர் அப்' அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. இரங்கலைப் பற்றி அக்குழு அறிந்திருந்த வழி அந்த ஒன்றுதான்: அடுத்த பாட்டைத் தொடங்குவது.