நிர்ப்பந்தமும் நம்பிக்கையும்: இங்கிலாந்தில் அம்மைப்பால் குத்துதலும் பெற்றோரின் தயக்கமும் (1840–1907)

அம்மைப்பால் குத்தி வைசூரியைத் தடுக்கும் வழியை 1796-ஆம் ஆண்டில் எட்வர்ட் ஜென்னர் பரிசோதித்து, இரண்டாண்டுகளுக்குப் பின் நூலாகவும் வெளியிட்டார். அவர் பிறந்த நாட்டிலேயே, அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின், பல்லாயிரம் பெற்றோர் தம் குழந்தைகளுக்கு அம்மைப்பால் குத்துவிக்க மறுத்து, அபராதத்துக்கும் சிறைவாசத்துக்கும் துணிந்தனர். இதனை வெறும் அறியாமை என்று ஒதுக்குவோர் உண்டு. ஆயினும், அக்காலத்துச் சட்டங்களையும் அம்மை குத்திய முறையையும் அருகருகே வைத்து ஆராயுமிடத்து, தயக்கத்தின் வேர் பாதி சிகிச்சை முறையிலும் பாதி சர்க்கார் நடந்துகொண்ட விதத்திலும் ஊன்றியிருந்தமை தெளிவாகும்.

சட்டங்களின் வளர்ச்சி

1840-ஆம் ஆண்டுச் சட்டம் அம்மை குத்துதலை இலவசமாக்கிற்று. ஆனால் அப்பொறுப்பை ஏழைகள் சம்ரட்சணை அதிகாரிகளிடம் ஒப்படைத்தமையால், மானமுள்ள தொழிலாளர் குடும்பங்கள் அதனைப் பிச்சைக்கு ஒப்பாகக் கருதின. 1853-ஆம் ஆண்டுச் சட்டம், பிறந்து மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் அம்மை குத்தப்பட வேண்டுமென விதித்தது. 1867-ஆம் ஆண்டில், ஒரே குழந்தையை முன்னிட்டுப் பெற்றோரைத் திரும்பத் திரும்பத் தண்டிக்க வழி திறக்கப்பட்டது. அபராதம் செலுத்த இயலாதவரின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஜப்தி செய்யப்பட்டன. செல்வந்தருக்கோ அதே அபராதம் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

இந்நிலையில், பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் மூண்ட போரையடுத்து ஐரோப்பாவெங்கும் பரவிய பெருவாரி வைசூரி, 1871, 1872 ஆகிய இரண்டாண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 42,000 பேரை மாய்த்தது. அம்மைப்பால் ஆயுள் முழுவதும் காக்கும் என்று உறுதி கூறப்பட்டிருந்தும், அதனைக் குத்திக்கொண்டவர் சிலரும் நோயுற்றதைக் கண்ட ஜனங்கள் ஐயுற்றனர். காலப்போக்கில் காப்பு குறையுமென்பதும், மறுமுறை குத்திக்கொள்வது அவசியம் என்பதும் உண்மை. அவ்வுண்மையை முன்னரே ஒளிவின்றி உரைத்திருந்தால் அந்த ஐயம் அத்துணை வலுப்பெற்றிராது.

கையிலிருந்து கைக்கு

அக்காலத்தில் அம்மைப்பால் பெரும்பாலும் குழந்தையின் கையிலிருந்து குழந்தையின் கைக்கே மாற்றப்பட்டது. சிசுவின் புஜத்தில் சிறு கத்தியால் கீறி மருந்தை ஏற்றுவர். ஒரு வாரம் கழித்துத் தாய் அச்சிசுவை மீண்டும் எடுத்துவர, பழுத்த கொப்புளத்தைத் திறந்து, கசியும் நீரை எடுத்து, அங்கே காத்திருக்கும் மற்றக் குழந்தைகளுக்குக் குத்துவர். நொந்திருக்கும் கையை மறுபடியும் கீறவிட மறுக்கும் தாய்க்கும் தண்டனை உண்டென 1871-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இம்முறையால் பிற நோய்கள் தொற்றக்கூடுமென்ற பெற்றோரின் அச்சமும் ஆதாரமற்றதன்று; 1861-இல் இத்தாலியின் ரிவால்டா கிராமத்தில் இவ்வாறு அம்மை குத்தப்பட்ட குழந்தைகளுள் நாற்பதுக்கு மேற்பட்டோர் மேகநோய்க்கு ஆளாயினர்.

லெஸ்டர் நகரின் கிளர்ச்சி

காலுறை, காலணித் தொழில்களால் பெயர்பெற்ற லெஸ்டர் நகரில், 1885-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி, ஒரு லட்சம் பேர் வரை கூடியதாக மதிப்பிடப்பட்ட பேரணி நடந்தது. குழந்தையின் சவப்பெட்டியைச் சுமந்தும், ஜென்னரின் உருவப் பொம்மையை இழுத்தும் மக்கள் வீதிகளில் சென்றனர். அந்நகரத்தார் நோயை அலட்சியம் செய்தவரல்லர். நோயாளியைப் பற்றி உடனே அறிவித்தல், தனி மருத்துவமனையில் சேர்த்தல், உடனிருந்தோரை விலக்கி வைத்தல், வீட்டைத் தூய்மை செய்தல் ஆகியவற்றைக் கண்டிப்பாகக் கைக்கொண்டனர்.

அத்தகைய ஏற்பாடு கைகூடாத இடங்களிலோ தயக்கத்தின் விலை கொடிதாயிருந்தது. ஜென்னரின் சொந்த மாவட்டத்துத் தலைநகரான கிளாஸ்டரில், அம்மை குத்துதல் பெரிதும் கைவிடப்பட்டிருந்த நிலையில், 1895–96-ஆம் ஆண்டுகளில் பரவிய வைசூரி 434 உயிர்களைக் கொண்டது. அவற்றுள் பெரும்பகுதி அம்மை குத்தப்படாத குழந்தைகளின் உயிர்கள்.

காலம் தாழ்ந்த சீர்திருத்தம்

1889-இல் நியமிக்கப்பட்ட ராயல் கமிஷன் ஏழாண்டுகள் விசாரித்து, அம்மைப்பாலின் பயனை உறுதிசெய்ததோடு, திரும்பத் திரும்பத் தண்டிப்பதைக் கைவிடுமாறும் பரிந்துரைத்தது. அதையொட்டி வந்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம், கையிலிருந்து கைக்கு மாற்றும் முறையை ஒழித்து, கிளிசரின் சேர்த்த கன்றின் அம்மைப்பாலை ஏற்படுத்திற்று. அம்மை குத்துபவரே இல்லம் தேடிச் செல்லவும், மனச்சாட்சியின் பேரில் மறுக்கும் பெற்றோர் மாஜிஸ்திரேட்டுகளிடம் விலக்குப் பெறவும் வகை செய்தது. 1907-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விலக்கை மேலும் எளிதாக்கிற்று. ஆயினும், முப்பது ஆண்டுத் தண்டனையால் இழந்த நம்பிக்கை இதனால் மீளவில்லை; விலக்குக் கோருவோர் பெருகி, குழந்தைகளுக்கு அம்மை குத்துவிப்போர் தொகை பின்னர்க் குறைந்தே சென்றது.

முடிவுரை

அம்மைப்பால் உயிர் காத்தது என்பதில் ஐயமில்லை. பெற்றோர் சுட்டிய குறைகளுட் சில உண்மையானவை என்பதிலும் ஐயமில்லை. அவ்விரண்டையும் ஒருசேர ஒப்புக்கொண்டு, குறையை முதலில் களைந்து, பின்னர்ப் பெற்றோரின் இசைவை நாடியிருந்தால், கிளாஸ்டரில் மாண்ட குழந்தைகளுள் பலர் பிழைத்திருப்பர். தடுப்பு மருந்தைக் கொணர்வோர் எந்நாட்டினராயினும் எந்நோய்க்காயினும், தாயின் கேள்விக்கு மெய்யான விடையளிப்பதைத் தம் முதற்கடமையாகக் கொள்ள வேண்டும்.