கூலிக்கு மாரடித்தவர்கள்

'கூலிக்கு மாரடிக்கிறவ' என்பது நம் ஊரில் வசவு. மனம் ஒட்டாமல் வேலை செய்கிறவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் ஏசுகிறோம். நிஜமாகவே கூலி வாங்கிக்கொண்டு மாரடித்த பெண்கள் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள் என்பது அந்த வசவுக்குள் காணாமல் போகிறது. அடுத்தவர் வீட்டுச் சாவில் தலைவிரித்து உட்கார்ந்து, செத்தவரின் பெருமையைப் பாட்டாகக் கட்டி, சுற்றியிருந்த பெண்களையெல்லாம் அழவைத்த பாட்டுக்காரிகள் அவர்கள்.

நாட்டார் வழக்காற்றியல் தாளுக்காக ஒப்பாரி சேகரித்து வரச் சொல்லியிருந்தேன். செங்கல்பட்டுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி பதினோரு பாட்டு கொண்டுவந்தாள். அத்தனையும் அவளுடைய ஆயா பாடியவை. தகவலாளர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'மூதாட்டி, வயது 70' என்று மட்டும் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "பேரு போட்டா நாங்க யாருன்னு தெரிஞ்சிடும்மா" என்றாள். எழுதப்படாத அந்தப் பெயரை நினைத்துக்கொண்டுதான் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் இசை வரலாற்றை மறுபடி படித்தேன்.

அமெரிக்காவில் அடிமைமுறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. நிலம் பழைய எசமானர்களிடமே இருந்தது. விடுதலை பெற்றவர்கள் அதே பருத்திக்காட்டில் வாரத்துக்கு உழுதார்கள். விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடன் வாங்கினார்கள். கடன் அவர்களை அதே மண்ணில் கட்டிப்போட்டது. வயலில் ஒருவர் கூவ மற்றவர்கள் எதிர்க்குரல் கொடுத்த வேலைப்பாட்டு, தேவாலயத்தின் பக்திப் பாட்டு, தனிமையின் முனகல் எல்லாம் சேர்ந்து மிசிசிப்பி போன்ற தென்மாநிலங்களில் ப்ளூஸ் ஆயிற்று. ஓர் அடியைச் சொல்லி, அதையே திரும்பச் சொல்லி, மூன்றாம் அடியில் பதில் சொல்வது அதன் பரவலான வடிவம். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ப்ளூஸும் பித்தளை வாத்தியக் குழுக்களின் அணிவகுப்பு இசையும் கலந்து ஜாஸ் உருவானது. அங்கே சவ ஊர்வலத்தில் கல்லறைவரை வாத்தியக்காரர்கள் சோகமாக வாசிப்பார்கள். திரும்பும்போது ஆட்டத்துக்கு வாசிப்பார்கள். பறையொலிக்கு ஆடியபடி பாடை போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது விநோதமல்ல.

இனி செங்கல்பட்டுக்கு வருவோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இடிந்து நிற்கிறது. துணி வணிகம் என்று பாடப்புத்தகம் சொல்லும். சோழமண்டலக் கரையில் அவர்கள் வாங்கியது துணியை மட்டுமல்ல. 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் பழவேற்காடு போன்ற துறைகளிலிருந்து மனிதர்களையும் வாங்கிப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். கப்பலேறாதவர்கள் மிராசுதாரின் நிலத்தில் படியாட்களாக இருந்தார்கள். 1843ஆம் ஆண்டின் சட்டம், ஒரு மனிதரை இன்னொருவரின் உடைமையாக நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்றது. ஆனால் 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு எழுதிய அறிக்கையில் அடிமைமுறையின் மிச்சம் அப்படியே தெரிகிறது. வாங்கிய சிறு கடனுக்காக ஆயுள் முழுக்க உழைக்கும் படியாள். குடிசை நிற்கும் மனைகூடத் தன்னுடையதில்லாததால் வாய் திறக்க முடியாத குடும்பம். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையால் ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். அவையும் கைமாறிப்போயின. மாமல்லபுரம் பக்கத்துக் காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள்.

எசமானுக்கு எதிரே வாய் திறக்க முடியாதவள் எங்கே பேசினாள்? நடவில் பாடினாள். சாவு வீட்டில் அழுதாள். ஒப்பாரியைக் கவனித்துக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது செத்தவரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. பங்கு தராத அண்ணன், சோறு போடாத மாமியார், குடித்து அடித்த புருஷன், பிறந்த வீட்டின் மூடிய கதவு எல்லாம் அதில் வரும். வேறெங்கு சொன்னாலும் அடி விழும். பிணத்தின் முன்னால் சொன்னால் அது அழுகை. யாரும் தடுக்க முடியாது. தென்னார்க்காட்டுக் கிராமங்களில் ஆய்வு செய்த இசபெல் கிளார்க்-தெசெஸ் 2005இல் வெளியிட்ட தன் நூலுக்கு, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்ற பொருள்படத் தலைப்பு வைத்தார். அவரவர் துக்கத்துக்குத்தான் அவரவர் அழுகை.

ப்ளூஸ் பாடிய பெண்களைப் பற்றி ஏஞ்சலா டேவிஸ் 1998இல் எழுதிய நூலும் இதற்கு அருகில்தான் வருகிறது. கெர்ட்ரூட் 'மா' ரெய்னியும் பெஸ்ஸி ஸ்மித்தும் பாடிய அடி உதை, துரோகம், ஆசை, ஊரைவிட்டுப் போகும் துணிவு எல்லாம் தனி ஒருத்தியின் புலம்பலல்ல, கேட்கும் பெண்கள் தம்மை அடையாளம் கண்டுகொண்ட பொதுப்பேச்சு என்கிறார் அவர். ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. ப்ளூஸ்காரிக்கு மேடை இருந்தது, இசைத்தட்டு இருந்தது. தன் உடலின் விருப்பத்தை அவளால் வெளிப்படையாகப் பாட முடிந்தது. ஒப்பாரிக்காரிக்குச் சாவு மட்டுமே மேடை. ஆசையைக்கூட இழப்பாக மாற்றித்தான் அவள் சொல்ல வேண்டியிருந்தது.

மேடை இருந்தவளுக்கும் பெயர் எளிதில் நிலைக்கவில்லை. ப்ளூஸ் பாடிய முதல் கறுப்பினப் பாடகராக 1920இல் இசைத்தட்டில் வந்தவர் மேமி ஸ்மித் என்ற பெண். அந்தத் தட்டு விற்ற வேகத்தைப் பார்த்தே நிறுவனங்கள் கறுப்பினப் பாடகிகளைத் தேடிப் போயின. 1923இல் பெஸ்ஸி ஸ்மித்தும் மா ரெய்னியும் பதிவுக்கு வந்தார்கள். ஆனால் பின்னாளில் எழுதப்பட்ட வரலாறுகள், கித்தாரோடு தனியாக அலைந்த ஆணையே ப்ளூஸின் அசல் முகமாக்கின. பெஸ்ஸிக்கு ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று தொகை கொடுத்தார்கள்; விற்பனையில் பங்கு இல்லை. 1937இல் விபத்தில் இறந்த அவருடைய கல்லறை 33 ஆண்டுகள் பெயர்க்கல் இல்லாமல் கிடந்தது. 1970இல் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்த ஹுவனிட்டா கிரீனும் பணம் போட்டுக் கல் நட்டார்கள். பிக் மாமா தார்ன்டன் பாடி 1953இல் வெளிவந்த 'ஹவுண்ட் டாக்' 1956இல் எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டாக உலகம் சுற்றியது. ராக் இசையின் வேரைத் தோண்டினால் இப்படி எத்தனையோ பெண்கள்.

நம் பக்கத்திலும் இதுதான் நடந்தது. கிராமத்திலிருந்து சென்னைக்குப் பிழைக்கப் போனவர்களோடு சாவுப்பாட்டும் போயிற்று. வடசென்னையின் கானாவுக்கு இன்றும் சாவு வீடு ஒரு முக்கியமான களம். ஆனால் கானா என்றதும் நினைவுக்கு வருவது ஆண்குரல்தான். 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் இசைவாணி ஒருவர்தான் பெண். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றபோது, கானா பாடும் பெண் என்பதே பலருக்குச் செய்தியாக இருந்தது. பெண்கள் எப்போதும் சாவில் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். அதை நாம் அழுகை என்றோம். ஆண் பாடியபோது கலை என்றோம்.

'அழிந்துவரும் கலையைக் காப்போம்' என்ற கூட்டங்களில் எனக்குத் தயக்கம் உண்டு. பறையடிப்பதும் கூலிக்கு மாரடிப்பதும் சாதி சுமத்திய வேலைகளாக இருந்தவை. இனி போகமாட்டோம் என்று ஒரு சேரி முடிவெடுத்தால் அது சுயமரியாதை. அமெரிக்காவிலும் ப்ளூஸைச் சாத்தானின் இசை என்று ஒதுக்கிய கறுப்பினக் குடும்பங்கள் உண்டு. மதிப்பாக வாழ விரும்பியவர்களுக்கு அந்தப் பாட்டில் பழைய அவமானமும் கேட்டது. பாட்டு வாழ வேண்டும் என்பதற்காகப் பாடுகிறவள் அதே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நாம் கேட்க முடியாது. நம்மால் செய்யக்கூடியது ஒன்றுதான். அவள் செய்தது வேலை, அந்த வேலை கவிதை, அதற்கு ஆசிரியர் உண்டு என்று ஒப்புக்கொள்வது. அப்போதும் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு.

இதையே அந்த மாணவியிடமும் சொன்னேன். பெயர் இல்லாவிட்டாலும் மதிப்பெண் குறையாது, ஆனால் ஆயாவிடம் ஒருமுறை கேட்டுவிடு என்றேன். அடுத்த வாரம் ஏட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "பேரு போடு, ஊரு வேணாம்னு சொல்லிடுச்சும்மா" என்றாள்.

ஏட்டில் அந்தப் பெயர் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக நான் அவரிடம் கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதவில்லை.