பினாங்குத் தமிழரின் பேச்சு மரபும் பிற இனத்தாருடன் பழகும் முறையும்

பினாங்கில் தெரிந்தவர் ஒருவரைக் கண்டால் தமிழர் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார். மலாய்க்காரர் "சூடா மாக்கான்?" என்பார். ஹொக்கியன் பேசும் சீனர் "சியா பா புவே?" என்பார். மூன்றும் ஒரே கேள்விதான். சாப்பாட்டைச் சொல்லி நலம் விசாரிக்கும் இந்தப் பழக்கம் மூன்று இனத்தாருக்கும் பொதுவாக இருப்பதால், மொழி அரைகுறையாகத் தெரிந்தவர்கூட முதல் பேச்சைத் தயக்கமின்றித் தொடங்கிவிடலாம். ஆனால் எல்லாப் பழக்கமும் இப்படி ஒத்துப்போவதில்லை. வீட்டில் மரியாதை என்று கற்றுக்கொண்டது, வெளியில் வேறு பொருளில் எடுத்துக்கொள்ளப்படுவதும் உண்டு.

நெருங்கி வாழும் நகரம்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றத்தைத் தொடங்கியது முதல், தமிழ் முஸ்லிம் வணிகர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் செட்டியார்களும் சீனர், மலாய்க்காரருக்கு அருகிலேயே கடை வைத்து, குடியிருந்து வந்துள்ளனர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குவான் யின் கோயில், குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் ஆகிய நான்கும் நடந்தே போய்வரும் தூரத்தில் உள்ளன. 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை மலாக்காவுடன் சேர்த்து உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்ததற்கு, இந்தப் பல்லினப் பண்பாடும் ஒரு காரணம்.

கெடாய், காப்பால், பெத்தி, காத்தில், மோடல் ஆகிய மலாய்ச் சொற்கள் தமிழின் கடை, கப்பல், பெட்டி, கட்டில், முதல் என்பவற்றிலிருந்து போனவை. வணிகமும் கடற்பயணமும் இரு மொழிகளை எவ்வளவு காலமாக இணைத்து வந்துள்ளன என்பதற்கு இவையே சான்று.

உறவுச் சொல் கொண்டு அழைத்தல்

முன்பின் அறியாதவரையும் அண்ணே, அக்கா, தம்பி, ஐயா, அம்மா என்று அழைப்பது தமிழர் வழக்கம். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு வராது. மலாய்க்காரரிடமும் இதே வழக்கம் உண்டு: அபாங், காக்காக், பாக்சிக், மாக்சிக். அதனால்தான் தமிழர் மலாய் பேசும்போது இந்த அழைப்புகள் இயல்பாக வந்துவிடுகின்றன.

தமிழரின் உறவுச் சொற்களும் வெளியே போயிருக்கின்றன. சாப்பாட்டுக் கடையில் மலாய், சீன வாடிக்கையாளர்கள் 'அண்ணே' என்று குரல் கொடுப்பதும், இளையோர் இனம் பாராமல் 'மச்சா' என்று அழைத்துக்கொள்வதும் அன்றாடக் காட்சி. 'மாமாக்' என்ற சொல்லும் 'மாமா'விலிருந்து வந்ததாகவே சொல்லப்படுகிறது. ஆனால் ஒரே சொல் நண்பனிடம் உரிமையாகவும், அறிமுகமில்லாதவரிடம் ஏளனமாகவும் ஒலிக்கக்கூடும். சொல்பவரின் தொனியும் இருவருக்கும் உள்ள பழக்கமுமே பொருளைத் தீர்மானிக்கின்றன.

'கெலிங்' என்ற சொல்லின் கதை வேறு. கலிங்கத்திலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் இச்சொல், பழைய மலாய் ஏடுகளில் இந்தியாவிலிருந்து வந்தோரைக் குறித்த சாதாரணப் பெயர். பள்ளிவாசலின் பெயரில் அது இன்றும் சமூகத் தலைவரின் பட்டமாக நிற்கிறது. இன்று ஒருவரை நேரில் அப்படி அழைப்பதோ வசை. பினாங்கு ஹொக்கியனில் இதன் திரிபு இன்னும் புழங்குகிறது. பேசுபவருக்குத் தீய எண்ணம் இல்லாத இடத்திலும் கேட்பவருக்கு வலிக்கும். அப்படி நேர்ந்தால், சண்டைக்குப் போகுமுன் "அந்தச் சொல் எங்களைப் புண்படுத்துகிறது" என்று அமைதியாகச் சொல்லிவிடுவது நல்லது. பலருக்கு அது தெரிந்திருக்காது.

விருந்தோம்பலில் வரும் சிக்கல்

தமிழர் வீட்டில் விருந்தாளி முதலில் "வேண்டாம்" என்பார். வீட்டுக்காரர் இரண்டு முறை, மூன்று முறை வற்புறுத்துவார். வற்புறுத்தாவிட்டால்தான் குறை. முஸ்லிம் நண்பர் "வேண்டாம்" என்றால் ஹலால் பற்றிய தயக்கமாக இருக்கலாம். அங்கே வற்புறுத்தல் சங்கடத்தையே தரும். சமைத்தது என்ன, எங்கே வாங்கியது என்று நாமே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அவர் கேட்கவேண்டிய நிலை வராது. அதுபோல, வெள்ளிக்கிழமை சைவம், மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதையெல்லாம் சீன, மலாய் நண்பர்களிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். அதை அவர்கள் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

விடைபெறும்போது "போகிறேன்" என்று சொல்லாமல் "போய் வருகிறேன்" என்பதும், துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதும் நம் வழக்கம். காரணம் தெரியாத சீன நண்பருக்கு, சொல்லாமல் போவது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். சீனப் பெருநாளுக்குக் கருப்பு உடையில் போனால் அதே போன்ற நெருடல் அவர்கள் பக்கம் எழும். வலக்கையால் கொடுத்து வாங்குவது தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் பொது. மலாய்ப் பெண்களிடம் ஆண்கள் முதலில் கை நீட்டாமல், அவர் நீட்டினால் குலுக்குவதே முறை.

தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு

தோட்ட வாழ்க்கையில் துரை, கிராணி, தண்டல் என்ற படிநிலை இருந்தது. மேலே உள்ளவர் முன் குரல் உயர்த்தாமல், கண்ணை நேருக்கு நேர் பார்க்காமல் நிற்பது பணிவு. இந்தப் பழக்கம் பல குடும்பங்களில் அடுத்த தலைமுறைக்கும் வந்தது. 1972இல் இன்டெல் தனது முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் பினாங்கில் திறந்தது. அதைத் தொடர்ந்து பாயான் லெப்பாசில் வெளிநாட்டு நிறுவனங்கள் பெருகின. செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகளும் அங்கே வேலை தேடினர்.

அமெரிக்க, ஐரோப்பிய முறையில் நடக்கும் நேர்முகத் தேர்வில், கண்ணைப் பார்த்துப் பேசாதவர் தன்னம்பிக்கை இல்லாதவர் என்று எடைபோடப்படலாம். கூட்டத்தில் வாய் திறக்காதவருக்குக் கருத்தே இல்லை என்று முடிவு செய்யப்படலாம். பக்கவாட்டில் தலையாட்டி 'சரி' என்பதை 'இல்லை' என்று படிப்பவரும் உண்டு. இதனால் தகுதியுள்ளவருக்கு வேலையோ பதவி உயர்வோ கைநழுவக்கூடும்.

இதற்காகப் பணிவைக் கைவிட வேண்டியதில்லை. வீட்டில் பெரியவர் முன் தலைகுனியும் பிள்ளையே, தேர்வாளர் முன் நிமிர்ந்து "ஆம்", "தெரியாது", "என் கருத்து இது" என்று வாய்விட்டுச் சொல்லப் பழகலாம். இடத்துக்கு ஏற்ப மொழியை மாற்றுவது பினாங்குத் தமிழருக்குப் புதிதும் இல்லை. காலையில் சந்தையில் ஹொக்கியன், பகலில் அலுவலகத்தில் மலாயும் ஆங்கிலமும், மாலையில் வீட்டில் தமிழ் என்று பேசுபவர்கள் இங்கே ஏராளம். தைப்பூசத்துக்கு முந்திய நாள் தண்ணீர்மலைக்குச் செல்லும் இரதத்தின் முன் சீனர்களும் தேங்காய் உடைக்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்பதைப் பக்கத்தில் நின்ற தமிழரைப் பார்த்தும் கேட்டும்தான் அவர்களும் கற்றிருப்பார்கள்.