உலோகப் பரப்பில் தானே அடுக்கும் மூலக்கூறுகள்: சிவகாசிப் பொடியும் உயிர் உணரியும்

சில மூலக்கூறுகளுக்குத் தலை, வால் என இரு முனைகள் உண்டு. தலை உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். வால் வெளிப்புறம் நீண்டு நிற்கும். இவை கரைந்திருக்கும் திரவத்தில் உலோகத் தகட்டை முக்கி வைத்தால், யாரும் அடுக்காமலேயே நெருக்கமாக நின்று ஒரு மூலக்கூறு அளவே தடிமனுள்ள படலமாகிவிடும். இதைத் தன்னொழுங்குப் படலம் எனலாம். இரத்தத்தில் சர்க்கரை, நோய்க்கிருமி போன்றவற்றைக் கண்டறியும் உயிர் உணரிகள் பலவற்றுக்கு இப்படலமே அடித்தளம். ஆய்வுக்கூடம் இதற்குப் பெயர் சூட்டுவதற்கு முன்பே, இதன் நெருங்கிய உறவுக்காரர் பட்டாசுத் தொழிலின் மூலப்பொருளில் இருந்தார்.

சிவகாசியின் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அந்தத் தொழிலின் தொடர்ச்சியாக வளர்ந்த பட்டாசுக்கு அலுமினியப் பொடி இன்றியமையாதது. மத்தாப்பின் வெள்ளொளியும் வெடியின் பளிச்சும் அதிலிருந்தே வருகின்றன. சிவகாசியில் 1984இல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரிலேயே உலோகப் பொடித் தொழில் இருக்கிறது: மெப்கோ திருமங்கலத்தின் உலோகப் பொடி நிறுவனம், ஷ்லெங்க் ஜெர்மனியின் உலோகப் பொடி நிறுவனம்.

அலுமினியத்தைச் செதிலாக அரைக்கும்போது புதிதாகத் திறக்கும் பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கக் கொழுப்பு அமிலமான ஸ்டியரிக் அமிலத்தைச் சேர்த்து அரைப்பது வழக்கம். உலர்ந்த பொடியைக் காற்றில் இடிப்பது தீ விபத்துக்கு இடம் கொடுத்ததால், 1920களில் அமெரிக்காவின் ஹால், எண்ணெய்க் கரைப்பானில் இந்த அமிலத்தோடு உருளை ஆலையில் அரைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அமிலத்தின் தலை அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு தோலைப் பற்றும். பதினெட்டுக் கார்பன் நீளமுள்ள உடல் வெளியே நின்று நீரை ஒதுக்கும். அதனால்தான் இப்பொடியைத் தண்ணீரில் தூவினால் மிதக்கிறது. ஆலையில் படியும் பூச்சு ஆய்வுக்கூடப் படலம்போலச் சீரானதன்று. ஆயினும் வேலை செய்யும் விதி ஒன்றே.

அந்தப் பூச்சு வெறும் அழகுக்கு அல்ல. நீர் பட்ட அலுமினியம் ஹைட்ரஜனை வெளிவிட்டுச் சூடாகும். கலவையில் நைட்ரேட்டும் இருந்தால் அம்மோனியா உருவாகி, வெப்பம் தன்னைத் தானே வளர்க்கும். ஈரம் பட்ட மருந்துக் கலவையை மூடிவைப்பது ஆபத்தாவது இதனாலேயே. ஸ்டியரிக் அமிலம் இதைத் தாமதப்படுத்தும், முற்றிலும் தடுக்காது. எனவே கலவையில் சிறிது போரிக் அமிலமும் சேர்ப்பதுண்டு. சில நானோமீட்டர் தடிமனான தோலின் மேல் மருந்து அறையில் இருப்பவரின் உயிர் இந்த அளவுக்குச் சார்ந்திருக்கிறது.

அறிவியல் இதை மெல்லத்தான் பிடித்தது. ஜெர்மனியின் ஆக்னஸ் பொக்கல்ஸ் வீட்டுச் சமையலறையில் செய்த நீர்ப்பரப்புச் சோதனைகள் 1891இல் நேச்சர் இதழில் வந்தன. 1917இல் லாங்மியூர் நீரின் மேல் நிற்கும் கொழுப்பு அமிலத்தின் தடிமனை விளக்கினார். திரவத்திலிருந்து திடப்பரப்பின் மேல் படலம் தானே அமைவதை 1946இல் சிஸ்மன் குழுவினர் காட்டினர். பிறகு நீண்ட இடைவெளி. 1983இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் நுஸ்ஸோவும் அல்லாராவும் தங்கத்தின் மேல் கந்தகச் சேர்மங்கள் படிவதை அறிவித்தனர். 1985இல் அதே இருவர் ஆராய்ந்தது எது தெரியுமா? ஆக்சைடு படிந்த அலுமினியத்தின் மேல் நிற்கும் கொழுப்பு அமிலங்களை!

உயிர் உணரிக்கு அலுமினியம் ஏன் பயன்படவில்லை? அதன் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும், உப்பு நீரில் அரிக்கும். தங்கத்துக்கு அந்தத் தோல் கிடையாது. கந்தகம் உலோகத்தையே நேராகப் பற்றும். 1962இல் கிளார்க்கும் லயன்ஸும் முன்வைத்த முதல் நொதி மின்முனையில் நொதி ஒரு சவ்வுக்குள் சிறைப்பட்டிருந்தது. தன்னொழுங்குப் படலம் வந்தபின் வாலின் நுனியில் கார்பாக்சில் தொகுதியை வைத்து, அதில் நொதியையோ எதிர்ப்பொருளையோ பிணைக்க முடிந்தது. 1990இல் சுவீடனில் விற்பனைக்கு வந்த பயாகோர் கருவியின் தங்கத் தகட்டிலும் தன்னொழுங்குப் படலமே அடித்தளம். 1991இல் ஒயிட்சைட்ஸ் குழு, வாலில் எத்திலீன் கிளைக்கால் வைத்தால் வேண்டாத புரதங்கள் ஒட்டுவதில்லை எனக் காட்டியது. குருதியில் நூற்றுக்கணக்கான புரதங்கள் உள்ளன. அவை எல்லாம் ஒட்டினால் உணரி எதையும் சரியாகச் சொல்லாது.

தமிழகத்தில் இத்துறையின் ஓர் இடம் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் அது திறக்கப்பட்டது. இங்கே தங்க மின்முனைகளின் மேல் கந்தகப் படலங்களை அமைத்து ஆய்வுகள் நடந்துள்ளன. 1985 மார்ச்சில் இராமநாதபுரம் பிரிக்கப்பட்டு விருதுநகர், சிவகங்கை மாவட்டங்கள் உருவாகும்வரை காரைக்குடியும் சிவகாசியும் ஒரே மாவட்டத்தில்தான் இருந்தன.