பிறந்த மண்ணின் நேசம்: தீவகம் சொல்லித்தரும் வரலாற்றுப் பாடம்

  

பிறந்து வளர்ந்த நாட்டில் மனிதன் எதனை நேசிக்கின்றான் என்று உங்களிடம் கேட்டால் என்ன விடை கூறுவீர்கள்? கொடியையும் எல்லைகளையும் சொல்வீர்களா? அல்லது உங்கள் ஊரின் கிணற்றையும் பள்ளிவாசல் முற்றத்தையும் அடுத்த வீட்டாரின் குரலையும் சொல்வீர்களா? இக்கேள்வி எமது சமூகத்துக்கு, குறிப்பாக வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் பிள்ளைகளுக்கு, மிக அண்மையில் உள்ள கேள்வியாகும். “வாப்பாவின் ஊர் யாழ்ப்பாணம், நான் பிறந்தது புத்தளம். அப்படியானால் என்னுடைய ஊர் எது?” என்று கேட்கும் பிள்ளைகள் இன்று எமது வீடுகளில் இருக்கின்றனர். அவர்களுக்கு விடை கூறும் பொறுப்பு எம்மீதுள்ளது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். “நாட்டுப்பற்று ஈமானின் ஒரு பகுதி” என்ற பொருளில் ஒரு வாசகம் நபிமொழியாக மேடைகளில் கூறப்பட்டு வருகின்றது. ஹதீஸ்கலை அறிஞர்கள் அதனை ஆதாரமற்றது எனத் தெளிவாகக் கூறியுள்ளனர். நபி (ஸல்) அவர்கள் கூறாததை அவர்கள் பெயரால் கூறுவது பெரும் பாவமாகும். ஆனால் பிறந்த மண்ணை நேசிப்பதற்கு அப்படியொரு ஆதாரம் எமக்குத் தேவையுமில்லை. நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையே எமக்குப் போதிய சான்றாகும்.

கி.பி. 622இல் மக்காவை விட்டு வெளியேறிய வேளையில், அந்த மண்ணை நோக்கி, அல்லாஹ்வின் பூமியில் அதுவே தமக்கு மிகப் பிரியமானது என்றும், அதன் மக்கள் வெளியேற்றியிராவிட்டால் தாம் வெளியேறியிருக்கமாட்டோம் என்றும் அண்ணலார் கூறியதாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது. மதீனாவுக்கு வந்த புதிதில் பிலால் (ரழி) அவர்கள் காய்ச்சலில் வீழ்ந்தார்கள். காய்ச்சல் தணியும் போதெல்லாம் அவர்கள் எதனை எண்ணி ஏங்கினார்கள் தெரியுமா? மக்காப் பள்ளத்தாக்கில் வளரும் இத்கிர் புல்லையும், மஜன்னா என்ற இடத்தின் தண்ணீரையும், ஷாமா, தஃபீல் என்ற இரு மலைகளையும் எண்ணியே ஏங்கினார்கள். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது.

சிந்தித்துப் பாருங்கள்! பிலால் (ரழி) மக்காவில் அடிமையாக இருந்தவர். சுடுமணலில் கிடத்தப்பட்டு, நெஞ்சின் மீது பாறை வைக்கப்பட்டவர். அந்த ஊர் அவருக்குச் செல்வத்தையோ பதவியையோ கொடுக்கவில்லை. அப்படியிருந்தும் அதன் புல்லும் நீரும் மலையும் அவரது உள்ளத்தை விட்டு அகலவில்லை. மனிதன் தன் மண்ணில் நேசிப்பது இத்தகைய சிறிய பொருள்களையே. அவற்றை இழந்தவனுக்கே அவற்றின் பெறுமதி தெரியும்.

இனி எமது தீவகத்துக்கு வருவோம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்தால் வேலணை, ஊர்காவற்றுறை என்று ஊர்கள் தொடர்கின்றன. குறிகாட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் செல்கின்றன. கரம்பொன், நாரந்தனை போன்ற ஊர்களின் அயலில் சுருவில் என்ற சிற்றூர் உள்ளது. சோளகக் காற்றும் பனங்கூடலும் உவர்த்தரையும் கொண்ட பூமி அது. இங்கு நல்ல தண்ணீர் கிடைப்பது அரிது. அதனால் தீவக மக்கள் ஒருவரது ஊரை விசாரிக்கும்போது அவரது கிணற்றையும் சேர்த்து விசாரிப்பார்கள்.

இந்தச் சிறிய தீவுகள் உலகத்திலிருந்து ஒதுங்கியிருந்தவை அல்ல. 12ஆம் நூற்றாண்டில் ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டொன்று நயினாதீவில் உள்ளது. அன்று ஊராத்துறை எனப்பட்ட ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு வரும் பரதேசி வணிகர்களுக்குப் பாதுகாப்பு வழங்கப்பட வேண்டும் என்று அது கட்டளையிடுகின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கும் மூன்று பங்கு உரியவருக்கும் சேரவேண்டும். ஏனைய வணிகப் பொருள்கள் ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதி அரசுக்கும் பாதி உரியவருக்கும் சேரவேண்டும் என்றும் அது கூறுகின்றது. அக்காலத்தில் இந்து சமுத்திரக் குதிரை வணிகத்தில் அரபு நாட்டவர் பெரும்பங்கு வகித்தனர் என்பது வரலாறு. கடலில் உடைந்த கப்பலின் அந்நிய உரிமையாளனுக்கும் நீதி வேண்டும் என்று கல்லில் எழுதிவைத்த மண் இது.

1344இல் உலகப் பயணி இப்னு பதூதா மாலைதீவிலிருந்து புறப்பட்டு, காற்றினால் திசை மாறி இலங்கைக் கரையை அடைந்தார். அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்தின் ஆரியச்சக்கரவர்த்தி மன்னர். பாரசீக மொழி அறிந்திருந்த அம்மன்னர், பாவா ஆதம் மலைக்குச் செல்ல விரும்பிய அந்த முஸ்லிம் பயணிக்குப் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்து அனுப்பினார். துணைக்குச் சென்றவர்களில் யோகிகளும் பிராமணர்களும் இருந்தனர். அச்சந்திப்பு நடந்த பத்தாலா என்ற இடம் இன்றைய புத்தளம் என்பதே ஆய்வாளர்களின் கருத்து. எங்கள் பெற்றோர் அகதிகளாக வந்திறங்கிய அதே புத்தளம்!

அண்மைக்கால வரலாற்றுக்கு வருவோம். அறிஞர் அ. மு. அ. அஸீஸ் அவர்கள் 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கல்வி கற்றார். 1935இல் இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதலாவது முஸ்லிம் அவரே. 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்து ஒரு தலைமுறையையே உருவாக்கினார். இலங்கை முஸ்லிம்களின் கல்விக்கு வழிகாட்டிய அப்பெருமகனுக்குக் கல்வியூட்டியவை சைவ மக்களின் பாடசாலைகள். 1955இல் யாழ்ப்பாண மாநகரசபையின் முதல்வராக எம். எம். சுல்தான் என்ற முஸ்லிம் தெரிவானார். சோனகதெருவின் முஸ்லிம்கள் அந்த நகரில் விருந்தாளிகளாக வாழவில்லை. நகரத்தின் ஓர் அங்கமாகவே வாழ்ந்தனர்.

இந்த வரலாற்றின் மீதே 1990 ஒக்டோபர் மாதம் இருள் கவிந்தது. 30ஆம் திகதி காலை ஒலிபெருக்கி மூலம் அறிவித்து, யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஜின்னா மைதானத்துக்கு அழைத்தனர். இரண்டு மணித்தியாலங்களுக்குள் வெளியேற வேண்டும் என்று கட்டளையிட்டனர். நகையும் பணமும் வீதியில் வைத்துப் பறிக்கப்பட்டன. அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். மன்னார் முஸ்லிம்கள் பலர் கடல் வழியாகக் கற்பிட்டியை அடைந்தனர். மண்ணை நேசிப்பதாகக் கூறியவர்களே அந்த மண்ணின் பிள்ளைகளைத் துரத்தினார்கள். அயலவனை அகற்றித் தன் ஊரை அழகாக்கலாம் என்று எண்ணும் நேசம் நேசமல்ல. அது அநீதி. இதனை நாம் தயக்கமின்றிக் கூற வேண்டும்.

எனினும் வரலாறு அத்துடன் முடியவில்லை. 1990, 91 காலப்பகுதியில் படை நடவடிக்கைகளால் தீவகத்தின் தமிழ் மக்களும் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாணத்தின் இலட்சக்கணக்கான தமிழ் மக்கள் ஒரே இரவில் கொட்டும் மழையில் வீடு வாசல்களை விட்டு நடந்தனர். எம்மில் சிலர் இதனைச் சுட்டிக்காட்டி, “பார்த்தீர்களா, அல்லாஹ்வின் தண்டனையை!” என்று அன்றும் கூறினர், இன்றும் கூறுகின்றனர். சகோதரர்களே, இப்பேச்சு எமக்கு ஆகாது. எம்மைத் துரத்தக் கட்டளையிட்டவர் வேறு. மழையில் பிள்ளையைச் சுமந்து நடந்த தாய் வேறு. ஒருவர் செய்த குற்றத்தை மற்றவர் சுமக்கமாட்டார் என்பது அல்குர்ஆன் திரும்பத் திரும்பக் கூறும் அடிப்படையாகும்.

இதனைச் சொல்லும் நான் அகதி முகாமின் ஓலைக் குடிசையில் வளர்ந்தவன். எமது பாட்டனார் சோனகதெருவில் புடைவை வியாபாரி. சைக்கிளில் துணிமூட்டை கட்டிப் பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவக ஊர்களுக்குச் சென்று கடனுக்கு விற்று வந்தவர். கடன் கொப்பி 1990இல் வீட்டோடு போய்விட்டது. அவரும் புத்தளத்திலேயே மரணமானார். சில ஆண்டுகளுக்கு முன் ஊர்காவற்றுறைக்குச் சென்ற வழியில் நான் சுருவிலில் இறங்கினேன். பல வளவுகளில் கூரையற்ற சுவர்களும் பற்றை மூடிய கிணறுகளும் இருந்தன. அவற்றுக்குரியவர்கள் கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பதாகச் சொன்னார்கள். என் தொப்பியைக் கண்ட முதியவர் ஒருவர் அருகில் வந்து, நான் சோனகதெருவைச் சேர்ந்தவனா என்று விசாரித்தார். பாட்டனாரைப் பற்றிக் கூறியதும் என் கையைப் பற்றிக்கொண்டார். “நானாவுக்கு நாங்கள் குடுக்கவேண்டிய காசு இன்னும் கிடக்கு, தம்பி” என்றார். தம் தங்கையின் திருமணத்துக்கு வாங்கிய சேலைகளின் கடன் அது. உள்ளே சென்று பணத்துடன் திரும்பி வந்தார். உம்மம்மாவிடம் கேட்காமல் வாங்க முடியாது என்று கூறி விடைபெற்றேன்.

புத்தளம் வந்து உம்மம்மாவிடம் செய்தியைக் கூறினேன். அவர் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தத் தங்கை உயிருடன் இருக்கிறாவா, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். தீவுக்குச் சென்ற நாள்களில் பாட்டனாரின் சைக்கிளில் ஒடியலும் பனங்கட்டியும் வந்து சேருவதை நினைவுகூர்ந்தார். பின்னர், “காசு வேணாம் மகன். நாங்க ஹலாலாக்கிட்டோம் எண்டு சொல்லிவிடுங்க” என்றார். உம்மாவும் மாமாமாரும் அதற்கு மனமுவந்து சம்மதித்தனர். மறுநாளே தொலைபேசியில் அதனை அறிவித்தேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சு வரவில்லை.

அன்பர்களே! மாளிகையையோ தோட்டத்தையோ இழந்ததற்காக அல்ல, கொப்பி இல்லாமலே கடனை நினைவில் வைத்திருக்கும் அயலவர்களை இழந்ததற்காகவே உம்மம்மா இத்தனை ஆண்டுகள் அழுதார் என்று அன்றுதான் நான் உணர்ந்தேன்.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினைகள் யாவை?

முதலாவது, புதிய ஊரையும் நேசிக்கலாம். பிலால் (ரழி) அவர்களின் ஏக்கத்தைக் கேள்வியுற்ற நபி (ஸல்) அவர்கள் அதனைக் கண்டிக்கவில்லை. மக்காவைப் போன்று அல்லது அதனைவிட அதிகமாக மதீனாவையும் எமக்குப் பிரியமாக்கித் தா என்று அல்லாஹ்விடம் கையேந்தினார்கள். பழைய நேசத்தை அழிக்குமாறு கேட்கவில்லை. ஆகவே “என் ஊர் எது?” என்று கேட்கும் பிள்ளையே, இரண்டும் உன்னுடையவையே. புத்தளத்து மக்கள் தம் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோட்டங்களையும் எமக்குத் திறந்துவிட்டனர். தண்ணீரும் தொழிலும் போதாமல் பின்னர் மனக்கசப்புகள் எழுந்ததும் உண்மையே. அக்கசப்புகளை எண்ணி அந்த உபகாரத்தை மறந்துவிடாதே.

இரண்டாவது, உரிமையைக் கேட்பது வேறு, பகையை வளர்ப்பது வேறு. மக்கா வெற்றியின்போது எங்கே தங்குவீர்கள் என்று கேட்கப்பட்ட அண்ணலார், அகீல் எமக்கு வீடெதனையும் விட்டுவைத்திருக்கிறாரா என்று வினவினார்கள். பரம்பரை வீடுகள் விற்கப்பட்டுவிட்டன. 2002இல் ஏ-9 பாதை திறந்தபோதும் 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் ஊருக்குச் சென்ற எமது பெற்றோர் பலர் கண்டதும் இதனையே. வீடு இடிந்திருந்தது, அல்லது வேறொருவர் வசித்தார். மீள்குடியேற்றமும் காணியும் எமது உரிமை. அவற்றைச் சட்டப்படி கோருவது கடமை. ஆனால் அண்ணலார் வெற்றியாளராக நின்ற அந்நாளில் மக்காவாசிகளை மன்னித்தார்கள் என்பதை மறந்து அந்தக் கோரிக்கையை எழுப்பாதீர்கள்.

மூன்றாவது, பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளுக்கு வெளியேற்றத்தை மட்டும் சொல்லாதீர்கள். அந்த இரண்டு மணித்தியாலங்களை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை தன் ஊரை நேசிக்காது. ஒரு சமூகத்தை வெறுக்க மட்டுமே கற்கும். அதற்கு முந்திய வாழ்வையும் சொல்லுங்கள். எந்தக் கிணற்றில் நீர் இனித்தது, பெருநாளன்று எந்த அயல்வீட்டுக்குச் சாப்பாடு சென்றது, அங்கிருந்து பொங்கலன்று என்ன வந்தது என்பதையெல்லாம் சொல்லுங்கள். அவற்றை எழுதியும் வையுங்கள். 1990இல் முப்பது வயதாக இருந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அவர்களுடைய நினைவுகள் அவர்களுடனேயே கபுறுக்குச் சென்றுவிடக் கூடாது.

இளைஞர்களே! விடுமுறை கிடைக்கும்போது ஒருமுறை பெற்றோரை அழைத்துக்கொண்டு வடக்கே செல்லுங்கள். சோனகதெருவைப் பாருங்கள். தாம்போதியைக் கடந்து தீவகத்தையும் பாருங்கள். கூரையற்ற வீடுகளைக் காணும்போது இது யாருடையது என்று கேளுங்கள். எம்மைப் போன்றே ஊரை எண்ணி ஏங்குபவர்கள் அவர்களிலும் உண்டு என்பதை அறிந்துகொள்வீர்கள்.

யா அல்லாஹ்! நாங்கள் பிறந்த ஊரையும், எமக்கு இடமளித்த ஊரையும் எமக்குப் பிரியமானவையாக ஆக்குவாயாக! வெளியேற்றப்பட்டோர் அனைவரையும் கண்ணியத்துடன் மீளச் செய்வாயாக! எமது நேசத்தினால் எவரும் துன்புறாதவாறு எம்மைக் காப்பாயாக! ஆமீன்.